வீட்டில் பதிவு செய்த அகூஸ்டிக் கிட்டார் நன்றாக வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

நேரில் வாசிக்கும்போது இனிமையாக இருக்கிற கிட்டார், பதிவு செய்து கேட்டால் கும்மென்றோ வறண்டோ எங்கோ தூரத்தில் இருப்பதாகவோ கேட்கிறது. இந்தக் குறையோடு நண்பர்கள் அனுப்பும் பதிவுகளைப் பல வருடமாகக் கேட்டு, காரணம் தேடிக் கொடுத்து வருகிறேன். கூடவே "எந்த மைக் வாங்கலாம்?" என்ற கேள்வியும் வரும். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். சென்னை ஃபிளாட்டில் ஒரு படுக்கையறை, ஒரு மைக், ஒரு இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டி), ஒரு லேப்டாப். இவ்வளவு இருக்கிற ஒருவருக்குக் கம்பியும் அறையும் மைக் நிற்கும் இடமும்தான் முக்கால்வாசிக் குறைகளுக்குக் காரணம். மூன்றையும் சரிசெய்யப் பெரிய செலவு கிடையாது.

## முதலில் ஒரு சோதனைப் பதிவு

எந்த அறிகுறியானாலும் இதிலிருந்து தொடங்குங்கள். மைக்கை 12ஆவது ஃப்ரெட்டைப் பார்த்த மாதிரி, ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது 25 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ரெக்கார்டை அழுத்திவிட்டு 10 விநாடி அசையாமல் உட்காருங்கள். பிறகு ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பிவரை ஒவ்வொன்றாக மீட்டி, ஓசை தானாக அடங்கும்வரை விடுங்கள். அடுத்து ஒரு ஜி கார்டைப் பலமாக அடித்து, உடனே உள்ளங்கையால் எல்லாக் கம்பியையும் அமுக்குங்கள். கடைசியாக, பதிவு செய்யப்போகும் பாட்டில் நாலு வரி, அதே வேகத்தில்.

இதை வயர் உள்ள ஹெட்போனில் கேளுங்கள். அமைதியான 10 விநாடியில் இரைச்சல் தெரியும். ஒற்றைக் கம்பிகளில் கிட்டாரின் கோளாறு தெரியும். அமுக்கிய பிறகும் மிச்சம் கேட்கிறதே, அது அறை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். என்ன மாற்றினீர்கள் என்பதை வாயாலேயே சொல்லிப் பதிவு செய்துவிட்டு வாசியுங்கள்: "மைக் 14ஆவது ஃப்ரெட், ஜன்னல் மூடியாச்சு." மறுநாள் கேட்கும்போது எது எந்த டேக் (ஒரு முறை வாசித்த பதிவு) என்று குழம்பாது.

## அறிகுறி 1: அடிக்கம்பிகள் கும்மென்று மற்றதை அமுக்குகின்றன

மைக் சவுண்ட் ஹோலைப் பார்க்கிறதா? சத்தம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைத்து மைக்கை ஓட்டைக்கு நேராக வைப்பவர்கள் மிக அதிகம். ட்ரெட்நாட் மாதிரிப் பெரிய உடம்பு கிட்டாரில் அந்த ஓட்டைவழிக் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் பலமாக அதிரும். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டின் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதனால்தான் டி, ஏ மைனர் எல்லாம் ஒழுங்காக இருக்க, ஜி கார்ட் வரும்போது மட்டும் ஒலி அளவு காட்டும் மீட்டர் துள்ளுகிறது. மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு, போதாவிட்டால் 14ஆவது ஃப்ரெட் பக்கம் நகர்த்துங்கள். உடம்பின் நிறைவு குறைந்துபோனால் நகர்த்திய இடத்திலேயே வைத்து, மைக்கின் முகத்தை மட்டும் ஓட்டைப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள்.

மைக் மிக அருகில் இருக்கிறதா? கார்டியாய்டு மைக் (முன்பக்கத்து ஓசையை அதிகம் பிடிக்கும் வகை) எதுவானாலும் கிட்டப் போகப் போக அடிச்சுரத்தைத் தானாகவே கூட்டும். 15 செ.மீ.க்குள் இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். ஐந்து ஐந்து செ.மீ. ஆகப் பின்னால் தள்ளிக் கேளுங்கள்.

ஒரே ஒரு சுரம் மட்டும் கும்முகிறதா? அப்படியானால் அறையைச் சந்தேகப்படுங்கள். நம் ஃபிளாட்டுகளில் பத்துக்குப் பத்து படுக்கையறை சர்வசாதாரணம். எதிரெதிர்ச் சுவர்கள் 10 அடி தள்ளி இருக்கும் அறை 56 ஹெர்ட்ஸிலும் 112 ஹெர்ட்ஸிலும் ஓசையைத் தேக்கும். ஐந்தாவது கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது 110. நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் தேக்கம் இரட்டிப்பாகும்.

சோதிப்பது எளிது. ஐந்தாவது கம்பியைத் திறந்து மீட்டுங்கள், பிறகு அதே சுரத்தை ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டில் வாசியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வீங்கினால், கிட்டாரையும் மைக்கையும் ஹாலுக்குக் கொண்டுபோய் அதையே திரும்பச் செய்யுங்கள். ஹாலில் வீக்கம் போய்விட்டால் குற்றவாளி அறைதான். நட்டநடுவில்தான் அந்த 112 ஹெர்ட்ஸ் உச்சத்தில் நிற்கும். ஆகவே நாற்காலியையும் மைக்கையும் சேர்த்து நடுவிலிருந்து இரண்டடி விலக்குங்கள். மூலையில் ஒரு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் குறையும்.

இதற்கு மேலும் மிச்சம் இருந்தால் ஈக்யூவில் (அடி, நடு, மேல் ஓசைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கும்முகிற இடத்தைத் தேடி 3 டெசிபல் குறைக்கலாம். 6 டெசிபலுக்கு மேல் குறைக்கத் தோன்றினால் ஈக்யூவை மூடிவிட்டு மைக்குக்குத் திரும்புங்கள்.

எப்போது ஆளிடம் போவது: வேறு வீட்டிலும் வேறு மைக்கிலும் அதே சுரம் கும்மி, முகப்பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டும்போது ஒரு இடத்தில் மட்டும் சலசலத்தால் உள்ளே பிரேஸ் (பலகையைத் தாங்கும் மரச்சட்டம்) பசை விட்டிருக்கலாம். கிட்டார் சர்வீஸ் செய்பவரிடம் காட்டுங்கள். நீங்களாகப் பசை போடாதீர்கள்.

## அறிகுறி 2: கிணற்றுக்குள் வாசிப்பது போல எதிரொலி

நான் கேட்கிற வீட்டுப் பதிவுகளில் அதிகம் காணும் குறை இது. எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாத குறையும் இதுதான். ரிவெர்பை (செயற்கை எதிரொலியை) எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் சேர்ந்து கொடுத்த எதிரொலியைப் பிறகு உரித்தெடுக்க முடியாது. அதனால் இங்கே நேரம் செலவழிக்கத் தயங்க வேண்டாம்.

முதலில் கைதட்டிப் பாருங்கள். நீங்கள் உட்காரும் இடத்தில் நின்று ஒரு முறை பலமாகத் தட்டுங்கள். தட்டியபின் "ட்ர்ர்ர்" என்று ஒரு சிலிர்ப்பு வால் மாதிரி இழுபட்டால் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஓசை ஓடிக்கொண்டிருக்கிறது.

மைக் தூரம். மைக் இரண்டடி தள்ளி இருந்தால், வேறு எதையும் தொடுமுன் 25 செ.மீ.க்குக் கொண்டுவாருங்கள். காசில்லாத திருத்தம், பாதிப் பிரச்சினை போய்விடும்.

மைக் எந்தச் சுவரைப் பார்க்கிறது? பலரும் மைக்குக்குப் பின்னால் போர்வை கட்டுகிறார்கள், பின்னால் வைக்கும் நுரைத் தட்டி வாங்குகிறார்கள். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும். ஆகவே மெத்தை நிற்க வேண்டிய இடம் உங்கள் முதுகுப் பக்கம். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைவிட நல்ல பொருள் வீட்டில் வேறில்லை. சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுச் சாய்த்து நிறுத்துங்கள். துணி நிறைந்த அலமாரியின் கதவுகளைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாலும் போதும்.

தரை. விட்ரிஃபைட் டைல்ஸில் பட்டுத் திரும்பும் ஓசை மைக்கில் நேராக ஏறும். பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து மைக்குக்கும் நாற்காலிக்கும் இடையே போடுங்கள். கோரைப்பாய் போதாது.

ஸ்டீல் பீரோ. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சோதனைப் பதிவில் ஜி கார்டை அமுக்கிய பிறகு "ஙீங்" என்று ஒரு உலோக மிச்சம் கேட்கிறதா? பீரோவின் பக்கத் தகடு கிட்டாரோடு சேர்ந்து பாடுகிறது. பீரோமீது கையை வைத்துக்கொண்டு வேறொருவரை வாசிக்கச் சொன்னால் உள்ளங்கையில் அதிர்வு தெரியும். கதவு இடுக்கில் மடித்த துணியைச் செருகி, பக்கத்தில் ஒரு கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் இரண்டாவது கிட்டாரும் இதே வேலையைச் செய்யும். அதை அடுத்த அறைக்குக் கொண்டுபோங்கள்.

முட்டைத் தட்டு ஒட்டுவதில் பயனில்லை. ஒரு இன்ச் நுரை ஒட்டினால் உச்ச ஓசை மட்டும் அடங்கி, நடு ஓசை அப்படியே நிற்கும். பதிவு மங்கலாகவும் இருக்கும், எதிரொலியும் இருக்கும்.

எப்போது ஆளிடம் போவது: வாடகை வீட்டில் இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். சொந்த அறை, வாரந்தோறும் பதிவு, அதில் வருமானமும் உண்டு என்றால் ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) வைத்த நான்கு இன்ச் தடிமன் பேனல்களைச் செய்து மாட்டும் ஆளை அழையுங்கள். அவர் அறையை அளந்து பார்க்காமல் விலை சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

## அறிகுறி 3: மங்கலாக இருக்கிறது, பளிச்சென்று இல்லை

கம்பிக்கு எத்தனை நாள் ஆயிற்று? சென்னை, புதுச்சேரி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்து பிரான்ஸ் (வெண்கலம்) சுற்றிய கம்பியைச் சில வாரத்திலேயே மழுக்கிவிடும். மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நேராக அடிக்கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். கறுப்பாக அழுக்கு வந்தாலோ பள்ளம் தட்டுப்பட்டாலோ மாற்றுங்கள். பாஸ்பர் பிரான்ஸ் கொஞ்சம் கதகதப்பாகவும், 80/20 பிரான்ஸ் இன்னும் பளிச்சென்றும் இருக்கும். பதிவுக்கு முதல்நாள் மாலையே மாட்டி, நன்றாக இழுத்துவிட்டு, ஒரு மணி நேரம் வாசித்துவிடுங்கள்.

மைக் திரும்பியிருக்கிறதா? நிற்கவைத்துப் பக்கவாட்டில் பாட வேண்டிய பெரிய கன்டென்சர் மைக்குகளை (மெல்லிய ஓசையையும் நுட்பமாகப் பிடிக்கும் வகை) முதுகைக் காட்டி வைத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. சத்தம் வரும், ஆனால் மங்கலாக, தூரத்தில். பெரும்பாலான மைக்குகளில் முத்திரை உள்ள பக்கமே முன்பக்கம். சந்தேகமென்றால் இரண்டு பக்கமும் பேசிப் பாருங்கள்.

போனில் பதிவு செய்கிறீர்களா? வாய்ஸ் நோட்டும் சில ரெக்கார்டர் ஆப்களும் இரைச்சலைக் குறைப்பதாக எண்ணி, கம்பியின் நீண்ட ஒலியையே வெட்டும். வேவ் கோப்பாகச் சேமிக்கும் ஆப்பை எடுத்து, நாய்ஸ் ரிடக்ஷன், ஆட்டோ கெயின் இரண்டையும் அணையுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

டைனமிக் மைக்கா? எஸ்எம் 57 மாதிரி மைக் ஸ்ட்ரம்மிங்குக்கு நன்றாகவே நிற்கும். மென்மையான விரல் வாசிப்பில் மேல் ஓசை போதாது. புதுக் கம்பி, 12ஆவது ஃப்ரெட், சரியான தூரம் மூன்றும் இருந்தும் போதாவிட்டால், அப்போது ஒரு சின்ன கன்டென்சர் வாங்குவது நியாயமான செலவு.

## அறிகுறி 4: மெலிந்து, காதைக் குத்துகிறது

மைக்கில் எடுத்ததா? பிக்கை முதலில் மாற்றுங்கள். 0.46 மி.மீ. மெல்லிய பிக் "சட் சட்" என்று தட்டும் ஓசையைத்தான் அதிகம் தரும். 0.73க்கு மாறினால் கம்பியின் ஓசை மேலே வரும். பிக்கைப் பிரிட்ஜிலிருந்து தள்ளி, ஓட்டைக்கு மேலாக அடியுங்கள். மைக் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தால் கழுத்துப் பக்கம் கொண்டுவாருங்கள்.

உள்ளே இருக்கும் பிக்கப்பிலிருந்து வயர் மூலம் எடுத்ததா? சேடலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் சிறு பட்டை) அடியில் இருக்கும் பீசோ பிக்கப் நேராக எடுத்தால் இப்படித்தான் குத்தும். மூன்றைப் பாருங்கள். ஒன்று, 9 வோல்ட் பேட்டரி: இறங்கிப்போனால் ஓசை சுருங்கி, பலமாக அடிக்கும்போது கரகரக்கும். கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் வாசித்து முடித்ததும் பிடுங்கிவிடுங்கள். இரண்டு, இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ருமென்ட் பட்டன்: ப்ரீஆம்ப் இல்லாத பிக்கப்பை லைன் உள்ளீட்டில் செருகினால் அடி ஓசை காணாமல் போகும். மூன்று, ஈக்யூவில் 2,000 முதல் 3,500 ஹெர்ட்ஸ்வரை தேடி, குத்துகிற இடத்தில் 3, 4 டெசிபல் குறையுங்கள்.

மைக் இருந்தால் பிக்கப்பை மட்டும் நம்பிப் பதிவு செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. இரைச்சலான தெருவில் வேறு வழியில்லாதபோது பிக்கப் ட்ராக்கின் சத்தத்தைக் குறைத்து, மைக் ட்ராக்கைத் தூக்கலாக வைத்துக் கலந்துகொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் அறிகுறி 9ஐயும் பார்த்துவிடுங்கள்.

எப்போது ஆளிடம் போவது: பிக்கப்பில் ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைவாக வந்தால் சேடல் சரியாக உட்காரவில்லை. அதைச் சமன்செய்வது சர்வீஸ்காரரின் வேலை.

## அறிகுறி 5: பின்னால் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது

அமைதியான அந்த 10 விநாடியை வால்யூம் கூட்டிக் கேளுங்கள். என்ன ஓசை என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

### "ம்ம்ம்" என்ற ஹம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதிலிருந்து வரும் ஹம் 50இலும் 100இலும் கேட்கும். சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் ஜி வாசித்துப் பாருங்கள். இரைச்சல் அந்தச் சுரத்தையோ அதன் கீழ் ஸ்தாயியையோ ஏறக்குறைய ஒட்டி, ஒரு இழை மேலே நின்றால் அது கரன்ட்டிலிருந்து வருகிறது.

லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். ஹம் நின்றுவிட்டால் வேலை முடிந்தது, இனி பேட்டரியில் பதிவு செய்யுங்கள். நிற்கவில்லையா? டியூப்லைட், டிம்மர், சுழற்றுகிற வகை ஃபேன் ரெகுலேட்டர் ஒவ்வொன்றாக அணையுங்கள். வீடு இன்வெர்ட்டரில் ஓடும்போது ஹம் இன்னும் கரடுமுரடாக இருக்கும். கேபிள் எக்ஸ்டென்ஷன் பெட்டியோடு பின்னிக் கிடந்தால் பிரித்துவிடுங்கள். மைக் கேபிள் எக்ஸ்எல்ஆர் முனை (மூன்று பின் கொண்ட வட்ட முனை) உள்ளதாக இருக்கட்டும்.

கிட்டார் கேபிளின் உலோக முனையைத் தொடும்போது ஹம் குறைகிறதென்றால் எர்த் சரியில்லை. லேப்டாப்பையோ மைக்கையோ தொடும்போது கையில் சுருக்கென்று அடித்தால் பதிவை நிறுத்துங்கள். அன்றே எலக்ட்ரீஷியனை அழைத்து, பிளக்கில் எர்த் வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹம்மைப் போக்க மின் பிளக்கின் மூன்றாவது (எர்த்) பின்னை உடைக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. உயிருக்கு ஆபத்து, அதைச் செய்யவே கூடாது.

மின்வெட்டு நேரம் பதிவுக்கு அருமையான நேரம். யூஎஸ்பியிலேயே ஓடும் இன்டர்ஃபேஸும் லேப்டாப் பேட்டரியும் இருந்தால் போதும்; ஃபிரிட்ஜ், பக்கத்து வீட்டு மோட்டார் எல்லாம் அப்போது ஓய்ந்திருக்கும்.

### "ஸ்ஸ்ஸ்" என்ற காற்றோசை

கெயினை (மைக் ஓசையைப் பெருக்கும் திருகு) கடைசிவரை திருகி வைத்திருக்கிறீர்கள். மைக்கைக் கிட்டே கொண்டுவந்து கெயினைக் குறையுங்கள். கன்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (இன்டர்ஃபேஸிலிருந்து கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம்) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில கன்டென்சர்கள் லேப்டாப்பின் 3.5 மி.மீ. துளையில் செருகினாலும் ஓடும். ஆனால் மெலிந்து, இரைச்சலோடு. இவற்றுக்கு ஒரு சாதாரண இன்டர்ஃபேஸ் வாங்கினாலே குரல் மாறிவிடும், புது மைக் வேண்டாம்.

### ஃபேன், ஏசி, தெரு

ஃபேன் காற்று மைக்கில் அடிப்பது ஒரு பக்கம். சுழலும் இறக்கைகளில் ஓசை பட்டு நடுங்குவது இன்னொரு பக்கம். டேக் எடுக்கும்போது அணைப்பதைத் தவிர வழியில்லை. அணைத்ததும் அறைச் சூடு மாறும், கம்பி இறங்கும் அல்லது ஏறும். ஐந்து நிமிடம் கழித்து ட்யூன் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். தெருச் சத்தத்துக்கு ராத்திரி 11 மணிக்கு மேல்தான் நேரம். காக்கைகள் எழும் முன் விடியற்காலையும் நல்லது.

மெலிதான, மாறாத இரைச்சல் மிச்சமிருந்தால் ஆடாசிட்டியில் நாய்ஸ் ரிடக்ஷன் உதவும். ஆரம்பத்து அமைதி 10 விநாடியை மாதிரியாகக் கொடுங்கள். 6 டெசிபலோடு நிறுத்துங்கள். கூட்டினால் கம்பியின் வால் ஓசை தண்ணீருக்குள் போன மாதிரி குழறும்.

## அறிகுறி 6: நடுநடுவே "டிக்", "பட்" என்ற வெடிப்பு

பதிவில் மட்டும் கேட்கிறதா, வாசிக்கும்போது ஹெட்போனிலும் கேட்கிறதா என்று பாருங்கள்.

ஒழுங்கற்ற சின்ன "டிக்" என்றால் பெரும்பாலும் லேப்டாப் திணறுகிறது. பதிவு மென்பொருளில் பஃபர் சைஸை (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஓசைத் துண்டின் அளவு) 128இலிருந்து 256, பிறகு 512 ஆக்குங்கள். வாசிப்பது காதில் தாமதமாகக் கேட்டால் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பட்டனை (லேப்டாப் வழியாகப் போகாமல் நேராகக் கேட்கும் வசதி) போடுங்கள். புளூடூத் ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பதிவு செய்யவே முடியாது, தாமதம் அவ்வளவு. பிரவுசரை மூடி, வைஃபையை அணைத்து, யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகியிருந்தால் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை சாம்பிள்) இன்டர்ஃபேஸில் 48,000, மென்பொருளில் 44,100 என்று நின்றாலும் டிக் வரும், சில நேரம் சுருதியே மாறிக் கேட்கும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.

கன்டென்சர் மைக்கில் "பட பட" என்று பொரிவது மழைக்காலத்தில் மட்டும் வருகிறதா? உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு ஒரு நாள் மூடிவையுங்கள். ஹேர் ட்ரையர் காட்டாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை மைக்கை அந்த டப்பாவிலேயே வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.

கேபிளை அசைக்கும்போது மட்டும் வெடித்தால் கேபிள் போய்விட்டது. வேறொன்று மாட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். சால்டரிங் தெரிந்த கடைக்காரர் முனையை மாற்றிக் கொடுத்துவிடுவார். காய்ந்த மைக்கும் நல்ல கேபிளும் இருந்தும் பொரிந்தால் மைக்கை சர்வீஸுக்கு அனுப்புங்கள், நீங்கள் திறக்க வேண்டாம்.

## அறிகுறி 7: பலமாக அடிக்கும் இடத்தில் உடைகிறது

உள்ளே வரும்போதே உடைந்த ஓசையைப் பிறகு வால்யூம் குறைத்து மீட்க முடியாது. பாட்டின் மிகப் பலமான இடத்தை வாசித்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6க்கும் இடையில் நிற்கும்படி கெயின் வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் மைனஸ் 12 போதும், சத்தம் குறைவாகத் தெரிகிறதே என்று பதற வேண்டாம். மீட்டர் ஒழுங்காக இருந்தும் உடைந்தால், பிக்கப்பில் எடுத்திருந்தால் பேட்டரியைப் பாருங்கள்; மைக்கில் எடுத்திருந்தால் அதில் பேட் பட்டன் (உள்ளே வரும் ஓசையைக் குறைப்பது) உண்டா என்று பாருங்கள். ஒரே டேக்கில் மென்மையும் பலமும் ரொம்ப வேறுபட்டால் இரண்டாகப் பிரித்துப் பதிவு செய்வது நல்லது.

## அறிகுறி 8: ட்யூன் செய்தும் சேரவில்லை, கம்பி "ட்ர்ர்" என்கிறது

கேபோ போட்டபின் மறுபடி ட்யூன் செய்தீர்களா? கேபோ கம்பியை இழுத்துச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிவிடும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் ட்யூனரைப் பாருங்கள்.

12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் ஒன்று, அழுத்தி ஒன்று வாசித்து ட்யூனரில் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 5 சென்ட்டுக்கு (ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல் என்றால் முதலில் கம்பியை மாற்றுங்கள். பழைய கம்பிக்கு இது வாடிக்கை. புதுக் கம்பியிலும் இருந்தால் சேடலைச் சீர்செய்ய வேண்டும்.

கம்பி அதிர்வுக்கு: முதல் ஃப்ரெட்டையும் கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் இடைவெளியைப் பாருங்கள். கால் மி.மீ., அதாவது ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்து பின்பக்கம் வளைந்திருக்கலாம். 12ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 3 மி.மீ.க்கு மேல் நின்றால் முகப்பலகை ஈரத்தில் உப்பியிருக்கலாம். கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் உகந்தது, நம் கடலோரத்தில் அது கனவு. வாசிக்காத நேரம் பெட்டியில், சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

ட்ரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பி) நீங்களே திருகுவதானால் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாதீர்கள். இறுகலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சேடல், ஃப்ரெட், உப்பிய பலகை எல்லாம் சர்வீஸ்காரருக்கு உரியவை. வருடத்துக்கு ஒரு செட்டப் செய்வதற்கு ஆகும் காசு, புது மைக்கை விடப் பதிவுக்கு அதிகம் உதவும் என்று உறுதியாகச் சொல்வேன்.

## அறிகுறி 9: இரண்டு மைக் வைத்தபின் மோசமாகிவிட்டது

ஸ்டீரியோவில் அகலமாக இருக்கிறது, போன் ஸ்பீக்கரில் அடி ஓசை காணாமல் போகிறது. இரண்டு மைக்குக்கும் ஓசை வெவ்வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து ஒன்றையொன்று அழிக்கிறது. மோனோ பட்டனை அழுத்தி, ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை (அலையை மேல்கீழாக்கும் பட்டன்) திருப்புங்கள். திருப்பியதும் அடி ஓசை தடித்தால் அப்படியே விடுங்கள். மைக்கை இனி வைக்கும்போது இரண்டின் தலையும் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 டிகிரி விலகிப் பார்க்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை வராது.

பிக்கப்பையும் மைக்கையும் கலக்கும்போது மைக் ட்ராக் தாமதமாக இருக்கும். 30 செ.மீ. தூரத்துக்கு 44,100இல் சுமார் 39 சாம்பிள். அலை வடிவத்தைப் பெரிதாக்கி முதல் துள்ளலைப் பார்த்து மைக் ட்ராக்கை அவ்வளவு முன்னுக்கு இழுங்கள்.

அகலம் மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரே மைக்கில் அதே பகுதியை இரண்டு முறை வாசித்து, இடம் ஒன்று வலம் ஒன்று வையுங்கள். ஒரே டேக்கை நகல் எடுத்து வைத்தால் அகலம் வராது, சத்தம்தான் கூடும்.

## அறிகுறி 10: விரல் கீச்சு, மூச்சு, நாற்காலி

சுற்றிய கம்பியில் விரல் சறுக்கினால் கீச்சு வரும். கார்ட் மாற்றும்போது விரலைத் தேய்க்காமல் தூக்கி வைக்கப் பழகுங்கள். புதுக் கம்பியில் முதல்நாள் கீச்சு அதிகம், கோட்டிங் உள்ள கம்பியில் குறைவு. மிஞ்சியதை அழிக்காதீர்கள். அந்தத் துளி இடத்தில் மட்டும் வால்யூமை 4, 5 டெசிபல் இறக்கினால் போதும். முழுக்க அழித்தால் வாசிப்பில் கை இருப்பதே தெரியாமல் போகும்.

மூச்சு விழுந்தால் மைக்கை முழங்கால் உயரத்திலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வையுங்கள். சட்டைப் பொத்தானும் கைக்கடிகாரமும் பலகையில் உரசும், கழற்றிவிடுங்கள். நைலான் சட்டைக்குப் பதில் பழைய பருத்தி பனியன் போதும். நாற்காலி முனகினால் மர ஸ்டூலுக்கு மாறுங்கள். மிக்ஸியும் மாடிப்படிக் காலடியும் ஸ்டாண்ட் வழியாக ஏறினால், ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த டேக்கை எடுங்கள்.